மூன்று புறாக்களின் கதவு

“கதவு பச்சைதான்! நானே தோளால இடிச்சுத் திறந்த கதவு, எனக்குத் தெரியாதா?” என்றார் சிரில்.

“சிவப்பு!” என்றாள் ஐவி. “என் கல்யாண விருந்தே அங்கதான் நடந்துச்சு. போட்டோவுல பாரு, எனக்குப் பின்னாடி பளிச்சுன்னு சிவப்பு.”

“உன் கல்யாணப் போட்டோ கறுப்பு வெள்ளைதானே!”

டெஸ்மண்ட் தலையைப் பிடித்துக்கொண்டார். ஹால்டன்ஷா சந்தைச் சதுக்கத்தில் இப்போது செருப்புக்கடை இருக்கும் இடத்தில், நாற்பது வருடங்களுக்கு முன்னால் ‘மூன்று புறாக்கள்’ என்ற பப் இருந்தது. அதன் நினைவாக ஒரு பலகை வைக்க அவர் ஆறு வருடம் நகராட்சிப் படிகளை ஏறி இறங்கியிருந்தார். சனிக்கிழமை மேயர் வந்து திரை விலக்குகிறார். பலகையில் சின்னதாக ஒரு கதவுப் படம். அதற்கு என்ன வண்ணம் என்றுதான் கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

நாலு பேரைக் கேட்டால் தெளிந்துவிடும் என்று நூலகத்தில் அறிவிப்பு ஒட்டினார். அறுபத்து மூன்று பேர் வந்தார்கள். கதவுக்கு மேலும் நான்கு வண்ணங்கள் கிடைத்தன. மூன்று கால் நாய் ஒன்று, பியர் குடித்த பியானோ ஒன்று, தகராறு செய்தவனைக் காதைப் பிடித்து வெளியே தள்ளிய முதலாளியம்மா என்று நினைவுகள் கொட்டின. அந்தக் காது தன்னுடையதுதான் என்று ஏழு பேர் உரிமை கொண்டாடினார்கள்.

உற்சாகத்தில் டெஸ்மண்டும் எழுந்தார். “நான் மேவிஸ்கிட்ட கல்யாணத்துக்குக் கேட்டதே அங்கதான்.”

“பஸ் ஸ்டாப்புல கேட்ட, டெஸ்,” என்றாள் அவர் மனைவி பின்வரிசையிலிருந்து. “மழைக்கு ஒதுங்கினப்ப.”

வம்பே வேண்டாம் என்று கதவுப் படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நினைவு சொன்னவர்களின் பெயர்களைப் போடலாம் என்றார் டெஸ்மண்ட். யார் பெயர் முதலில் என்பதில் சிரிலுக்கும் ஐவிக்கும் பேச்சு நின்றது. வியாழக்கிழமைக்குள் ஊரே பச்சைக் கட்சி, சிவப்புக் கட்சி என்று பிரிந்தது. ரொட்டிக்கடையில்கூடத் தனித்தனி வரிசை. இப்படியே போனால் வர மாட்டேன் என்று மேயர் சொல்லியனுப்பினார்.

டெஸ்மண்டுக்கு ஒரே வழிதான் மிஞ்சியது. அந்த முதலாளியம்மாவையே தேடிப் பிடிப்பது. தொண்ணூற்றொரு வயது வின்னிஃப்ரெட் கடற்கரை ஊர் ஒன்றில் முதியோர் இல்லத்தில் இருந்தார். டெஸ்மண்ட் சனிக்கிழமை காலை தானே காரோட்டிப் போய் அழைத்து வந்தார்.

சதுக்கமே திரண்டிருந்தது. மேயரும் வந்துவிட்டார். வின்னிஃப்ரெட் நாற்காலியில் உட்கார்ந்து கேக்கை நிதானமாகத் தின்றபடி கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“எங்களை அடையாளம் தெரியுதாம்மா?” என்றார் டெஸ்மண்ட்.

“தெரியாம என்ன? இது சிரில். அப்ப தலையில முடி இருந்துச்சு. அது ஐவி. சிரிச்சா சந்தை முழுக்கக் கேக்கும். நீ தபால்காரன் டெஸ்மண்ட்.”

கூட்டம் கைதட்டியது. சிரில் மூக்கை உறிஞ்சினார். ஐவி தன் கைக்குட்டையை அவரிடம் நீட்டினாள். பச்சையும் சிவப்பும் தோளோடு தோள் நின்றன. இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் ஆறு வருடம் அலைந்தோம் என்று டெஸ்மண்டுக்குத் தோன்றியது.

ஐவி அந்தக் கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “இத்தனை வருஷம் ஆச்சே! எப்படிம்மா எங்கள்ல ஒருத்தரைக்கூட மறக்கல?”

“எப்படி மறப்பேன்?” என்றார் வின்னிஃப்ரெட். “தினமும் சாயங்காலம் என் சன்னலைத் தாண்டித்தானே எல்லாரும் எதிர்ல இருந்த பப்புக்குக் குடிக்கப் போவீங்க!”