மூன்றையும் முடித்த முகுந்தன்

முகுந்தனின் கணுக்காலில் அந்தப் பட்டை நிற்கவே மாட்டேன் என்றது.

நேரத்தைக் குறிக்கும் சில்லு வைத்துத் தைத்த பட்டை. நீந்தப் போகிற அத்தனை பேர் காலிலும் ஒன்று இருந்தது. மற்றவர்களுக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. முகுந்தனுக்கு வயிறு வளர்ந்த அளவுக்குக் கால் வளரவில்லை. இரண்டு அடி எடுத்து வைத்தால் பட்டை பாதத்துக்கு இறங்கி வந்து நின்றது.

"கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்களேன்" என்றாள் மனைவி குமுதா.

"இதுக்கு மேல எப்படி இறுக்கறது? தண்ணியில கழண்டு போச்சுன்னா, நான் குட்டைக்குள்ளயே கெடக்கறதா கம்ப்யூட்டர் எழுதி வெச்சுக்கும்."

முகுந்தன் செம்பனை எண்ணெய் ஆலையில் ஸ்டோர் கிராணி, சாமான் கணக்கெழுதுகிறவர். காரில் எப்போதும் ஒரு கறுப்பு டேப் சுருள் இருக்கும். எடுத்து வந்து பட்டையின் மேல் எட்டுச் சுற்று சுற்றினார். ஆலையில் வெடித்த குழாயையே ஆறு மாதம் பிடித்து வைத்திருந்த டேப் அது.

"ஐயோ, அப்புறம் இதை எப்படிங்க கழட்டறது?"

"எதுக்குக் கழட்டணும்? எல்லாம் முடிச்சிட்டு வீட்டுக்குப் போய் கத்தியால வெட்டிக்கலாம்."

குமுதா மறுபடி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். முகுந்தன் அதற்குள் காதில் பஞ்சை அடைக்க ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் புகுந்தால் அவருக்கு ஒரு வாரம் காது வலிக்கும். நல்லெண்ணெயில் நனைத்த பஞ்சு, பக்கத்துக்கு ஒரு உருண்டை. ஒன்று போதாது என்று தோன்றவே இன்னொன்றையும் திணித்தார். குமுதாவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. கடைசியில் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

பெஸ்தாரி ஜெயா பக்கம், ஈயம் தோண்டிய பழைய குட்டையில்தான் போட்டி. முதலில் முக்கால் கிலோமீட்டர் நீச்சல். பிறகு தோட்டத்துச் சாலையில் இருபது கிலோமீட்டர் சைக்கிள். அப்புறம் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். ஏழரைக்குத் தொடங்க வேண்டியது. கொடியசைக்க வேண்டிய பெரிய மனிதர் ஒன்பது மணிக்குத்தான் வந்து சேர்ந்தார். அதற்குள் வெயில் மண்டையைப் பிளந்தது.

முகுந்தன் இங்கே வந்து நிற்பதற்குக் காரணம், போன தீபாவளி. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தபோது, வாசல் கேட்டுக்கு ஏன் பாதிதான் பெயிண்ட் அடித்திருக்கிறது என்று யாரோ கேட்டார்கள். குமுதா சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"அவருக்கு எல்லாமே பாதிதான். பின்னால மீன் குளம் பாதி தோண்டிக் கெடக்கு, கொசு வளக்குறோம். சீனம் படிக்கப் போனாரு, பத்து வரைக்கும் எண்ணத் தெரியும். டயட் பதினோரு நாள்."

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் குமுதாவின் தம்பி கோகிலன். வாரம் தவறாமல் செகிஞ்சான் வரைக்கும் சைக்கிள் மிதித்துவிட்டு வந்து, வயல் நடுவே எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுகிறவன். இந்தப் போட்டியைப் பற்றிச் சொன்னதும் அவன்தான். "மாமா நல்லா நீந்துவாரு லா, அவரையும் சேர்த்துக்கலாம்."

குமுதாவே இணையத்தில் பதிந்தாள். "மூணு பேருக்கும் சேர்த்தே பேர் குடுத்துட்டேன். விவரம் அனுப்பியிருக்கேன், படிச்சுப் பாருங்க" என்றாள். பதினான்கு பக்கம். முகுந்தன் முதல் பக்கத்துப் படத்தைப் பார்த்தார். பாதியோடு நிறுத்தினார் என்றுகூடச் சொல்ல முடியாது.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் நீச்சல் குளத்துக்குப் போனார். சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் பயிற்சி எதற்கு? சைக்கிள் ஓட்டுவது மறக்காது; 'சைக்கிள் என் பொறுப்பு' என்று கோகிலனே சொல்லியிருந்தான். ஓடுவதை யாரும் கற்றுக்கொள்வதில்லை. குமுதா மூன்று மாதமாக விடியற்காலையில் தாமான் குடியிருப்பைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது அவருக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

இன்றைக்கு மட்டும் முடித்துவிட வேண்டும். உயிரே போனாலும் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட வேண்டும். அதற்கப்புறம் அந்தப் பட்டியலை எவளும் எவனும் படிக்கக் கூடாது.

அவருடைய கூட்டத்தைக் கடைசியாகத்தான் தண்ணீரில் இறக்கினார்கள். முகுந்தன் நன்றாகவே நீந்தினார். கரையேறிப் பார்த்தால், முன்னால் போன கூட்டங்களைச் சேர்ந்த ஈர முதுகுகள் டஜன் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. 'போச்சு, எல்லாரும் முந்திட்டானுங்க' என்று அவரும் விழுந்தடித்து ஓடினார்.

சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தின் வாசலில் கோகிலன் நின்றிருந்தான். தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி, சைக்கிள் சப்பாத்து எல்லாம் சரியாக இருந்தன. உடம்பில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

முகுந்தனுக்குச் சட்டென்று புரிந்தது. பயல் பயந்துபோய்த் தண்ணீரில் இறங்கவே இல்லை!

கோகிலன் எதையோ கத்திக்கொண்டே கையை நீட்டினான். முகுந்தன் அந்தக் கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தாண்டினார். கோகிலன் விடவில்லை. முன்னால் ஓடி வந்து, குனிந்து அவர் காலைப் பிடித்தான்.

இதை முகுந்தன் எதிர்பார்க்கவில்லை. ஆயிரம்தான் இருந்தாலும் சின்னவன். தோல்வியை ஒப்புக்கொண்டு காலில் விழுகிறான். "நல்லா இருடா" என்று அவன் தலைக்கவசத்தைத் தொட்டார். கோகிலன் எழுந்திருக்கவில்லை. கணுக்காலைப் பிறாண்டினான், டேப்பைக் கடிக்காத குறை.

"போதும்டா, எந்திரி! எனக்கு நேரமாச்சு!"

காலை உதறிக்கொண்டு தங்கள் இடத்துக்கு ஓடினார். மூன்று சைக்கிளுக்கு ஒரே ஒரு சைக்கிள்தான் நின்றது. மற்ற இரண்டையும் எங்கே வைத்தான் என்று கேட்க நேரமில்லை. இழுத்துக்கொண்டு ஓடினார். பின்னாலேயே கோகிலன் சப்பாத்து வழுக்க, வாத்து மாதிரி ஓடி வந்தான். பஞ்சையும் தாண்டி இரண்டு வார்த்தை கேட்டது.

"...என் சைக்கிள்!"

"தண்ணியிலயே எறங்காதவனுக்கு எதுக்குடா சைக்கிள்?" என்று கத்திவிட்டு முகுந்தன் ஏறி மிதித்தார்.

அது கோகிலனின் உயரத்துக்கு அளவெடுத்த சைக்கிள். கால் பெடலை எட்டும்போது இருக்கை எட்டவில்லை, இருக்கை எட்டும்போது பெடல் எட்டவில்லை. நிறுத்தி, இருக்கையைக் கீழே இறக்கப் பார்த்தார். திருகு கழன்றது, இருக்கையும் கழன்றது. மறுபடி பொருத்தினால் அது வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்கப்புறம் நின்றுகொண்டேதான் மிதித்தார்.

மூன்றாவது கிலோமீட்டரில் போட்டி அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் பக்கத்தில் வந்தார். "எஞ்சேக்! எஞ்சேக்!" என்று ஐயாவைக் கூப்பிடுவதுபோல் அவர் வாய் அசைந்தது. திரும்பிப் போ என்பதுபோல் கையைக் காட்டினார். முகுந்தன் புரியாமல் சிரித்தார். அதிகாரி வெறுத்துப்போய்த் தன் தலையில் அடித்துக்கொண்டார்.

தலை! தலைக்கவசம் போடவில்லை!

நல்ல வேளையாகச் சாலையோரத்தில் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர் மர நிழலில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் மஞ்சள் நிறப் பாதுகாப்புத் தொப்பி. "பிஞ்ஜாம் கெஜாப், அபாங்! கொஞ்ச நேரம், குடுத்திருவேன்!" என்று எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அதிகாரியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அதிகாரி மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டார். தொப்பிக்காரர் மட்டும் கொஞ்ச தூரம் துரத்தி வந்தார்.

தொப்பி அடுப்பில் வைத்த சட்டியாகக் காய்ந்தது. ஒவ்வொரு குலுங்கலுக்கும் கண்ணை மறைத்தது. அதை ஏற்றிவிட ஒரு கையை எடுத்தால் சைக்கிள் ஆடியது. முன்னால் போன குலை லோரியின் பின்பக்கம் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்ததால், அதையே பிடித்துக்கொண்டு போனார். லோரி திரும்பியது, இவரும் திரும்பினார். லோரி நின்றது. தொப்பியை ஏற்றிப் பார்த்தால், அவர் வேலை செய்யும் ஆலையின் எடை மேடை. காவலாளி எழுந்து நின்று சலாம் வைத்தார்.

திரும்பி வரக் கூடுதலாக நாலு கிலோமீட்டர்.

அவர் சைக்கிளைக் கொண்டுவந்து சாய்த்தபோது அங்கே மற்ற சைக்கிள்கள் பெரும்பாலும் போய்விட்டிருந்தன. குமுதா ஓட்டச் சப்பாத்தும் வெள்ளைத் தொப்பியுமாக நடுவழியில் நின்றிருந்தாள். முகம் வெயிலில் கன்றியிருந்தது. அவரைக் கண்டதும் பாய்ந்து வந்து, தடாலென்று குனிந்து, அவளும் காலைப் பிடித்தாள்.

இருபத்திரண்டு வருடத்துக் குடும்ப வாழ்க்கையில் குமுதா அவர் காலைத் தொட்டது தாலி கட்டிய அன்றைக்கு மட்டும்தான். அதுவும் ஐயர் சொன்னதால்.

"வேணாம் குமுதா, எந்திரி. நீ சொன்னதையெல்லாம் நான் மனசுல வெச்சுக்கல."

அவள் டேப்பை நகத்தால் கிழித்துக்கொண்டே எதையோ கத்தினாள்.

"நிறுத்தச் சொல்றியா? பிரஷர் ஏறும்னு பயப்படறியா? காலைப் பிடிச்சாலும் நிக்க மாட்டேன்! ஆரம்பிச்சதை முடிச்சிட்டுத்தான் மறுவேலை!"

அவர் காலை விடுவித்துக்கொண்டு ஓடினார். குமுதா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி அவர்மேல் வீசியெறிந்தாள். முகுந்தன் திரும்பி அதை லாவகமாகப் பிடித்து, மஞ்சள் தொப்பியைக் கீழே போட்டுவிட்டு, வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டார். வெயிலுக்கு ஆச்சு. எத்தனை அக்கறை!

ஓட்டம் என்று அதற்குப் பெயர். செம்மண் சாலையில் நிழலே இல்லை. டேப் இறுக்கியதில் வலது பாதம் வீங்கி, யாருடையதோ மாதிரி கூட வந்தது. இரண்டு அடி ஓட்டம், பத்து அடி நடை, ஒரு அடி நிற்றல். தண்ணீர் கொடுக்கும் இடத்தில் மேசையை மடித்துக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி அவர் தலையில் ஊற்றினார்கள். காதிலிருந்த பஞ்சு ஊறி, நழுவி விழுந்தது. உலகம் திரும்பி வந்தது. தூரத்து ஒலிபெருக்கியில் பரிசளிப்பு விழா முடிந்து நன்றியுரை போய்க்கொண்டிருந்தது.

நடுப்பகல் பன்னிரண்டே முக்காலுக்கு முகுந்தன் கடைசித் திருப்பத்துக்கு வந்தார். அவர் கண்ணெதிரே, காற்றடைத்த முடிவு வளைவின் காற்றைத் திறந்துவிட்டார்கள்.

"இருங்கடா! ஆள் வருதுடா!"

வளைவு பெருமூச்சு விட்டுக்கொண்டே சரிந்தது. முகுந்தன் நாலு காலில் அதற்குள் புகுந்து, இருட்டில் துணியை முட்டித் தள்ளி, மறுபக்கமாகத் தலையை நீட்டினார். முடித்துவிட்டார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றை முழுசாக முடித்துவிட்டார்.

பதக்க மேசையில் நஜ்வா என்று பெயர்ச்சீட்டு குத்திய கல்லூரிப் பெண் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளிக் கூடாரத்தில் குமுதாவும் கோகிலனும், இவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஐஸ் போட்ட செண்டோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முகுந்தன் நொண்டிக்கொண்டே போய் அவர்கள் முன்னால் நின்றார்.

"பாத்தியா குமுதா? பாத்தியாடா? ஒருத்தன் தண்ணியில கால வைக்கல. ஒருத்தி ஒரு அடி ஓடல. நான் மூணையும் முடிச்சேன். இனிமே பாதி, பாதின்னு எவனாச்சும் வாயைத் தொறந்தீங்க..."

கோகிலன் கரண்டியைக் கீழே வைத்தான். குமுதா பதக்க மேசையைக் கையால் காட்டினாள்.

முகுந்தன் வெற்றியோடு மேசைப் பக்கம் திரும்பினார். "பதக்கத்தைக் குடும்மா. முன்னூத்துப் பதினெட்டு."

நஜ்வா கையிலிருந்த கணினித் தட்டில் எண்ணைத் தேடினாள். அவரையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அங்கிள், இது ரிலே டீம் லா! நீங்க நீந்தணும், கால் பட்டையைக் கழட்டிக் குடுக்கணும், அதைக் கட்டிக்கிட்டு அண்ணன் சைக்கிள் ஓட்டணும், அப்புறம் ஆன்ட்டி ஓடணும். ரிலே நீச்சல்ல நீங்கதான் முதல் ஆளா வந்தீங்க... அப்புறம் எங்க அங்கிள் போயிட்டீங்க?"