மூன்று பேர், இரண்டரை டன்

அன்புள்ள லேலோ அக்காவுக்கு,

தம்பி ஸீம் எழுதுவது. நானும் ராய்வோ அண்ணனும் சுகம். அப்பாவும் சுகம் என்று எழுதிப் பழகிய கை அடுத்த வரியில் ஒரு கணம் நின்றது. பெர்த்தில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் வெயிலோடு நலமாக இருப்பீர்கள். இங்கே மைனஸ் பதினெட்டு. மூக்கு இருக்கிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்கிறோம்.

முதலில் செய்தி. எல்லாம் முடிந்துவிட்டது. வியாழக்கிழமை அப்பாவை அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தாயிற்று. பாதிரியார் பேசினார். பாடினோம். மண் போட்டோம். நீ தொலைபேசியில் சொன்னபடியே, உனக்காக எதையும் நிறுத்தவில்லை. ஆகவே நீ வர வேண்டியதில்லை.

இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் ஊரிலிருந்து யாராவது உனக்கு வேறு மாதிரி எழுதிவிடுவார்கள். அண்ணனின் காரைப் பற்றி.

நீ அந்தக் காரைப் பார்த்ததில்லை. ஜெர்மன் கார். கறுப்பு. இருக்கை முதுகைப் பிடித்துவிடும். கதவைச் சாத்தினால் உலகத்தின் சத்தம் நின்றுவிடும். பனிக்காக என்றே அதற்குள் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் திரையில் ஒரு சின்ன வெள்ளைப் பூ பூக்கும். பத்து வருடமாக, காரை மாற்றும்போதெல்லாம், அண்ணன் தாலினிலிருந்து அதை ஓட்டிக்கொண்டு துறை வரைக்கும் வந்து அப்பாவைக் கூப்பிடுவான். ஒரு சுற்று போய் வரலாம் என்று. அப்பா காரைச் சுற்றி ஒரு முறை நடப்பார். சக்கரத்தை உதைத்துப் பார்ப்பார். "எத்தன டன்?" என்பார். பதிலைக் கேட்டுவிட்டுத் தன் பழைய ஜீப்பில் ஏறிப் போய்விடுவார்.

இந்த முறை அவரால் மறுக்க முடியவில்லை. தாலின் தகனக்கூடத்தில் கொடுத்த கல் தாழியை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, பெட்டியை முன் இருக்கையில் வைத்தான் அண்ணன். நான் பின்னால். கார் உடனே மணி அடித்தது. முன் இருக்கையில் ஒரு ஆள் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருக்கிறாராம். அண்ணன் கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தான். பிறகு பெல்ட்டை இழுத்து அப்பாவுக்குப் போட்டுவிட்டான். மணி நின்றது. கிளம்பினோம். வழியில் நான் கவனித்தேன்: அந்த இருக்கையின் சூட்டை மூன்றில் வைத்திருந்தான்.

படகு ஜனவரியிலேயே நின்றுவிட்டது. துறையில் தடுப்புக் கம்பம். அதற்கப்பால் ஒன்பது கிலோமீட்டர் உறைந்த கடல், பிறகு நம் தீவு. கம்பத்துக்குப் பக்கத்துக் கூண்டில் எண்டெல் மாமா. தீவுப் பக்கம் அப்பாவும் இந்தப் பக்கம் இவரும் முப்பது வருடம் ஒரே பனிச்சாலையின் இரண்டு முனைகளில் காவல் உட்கார்ந்து தொலைபேசியில் சீட்டு ஆடியவர்கள். ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கவே முடியாத ஆட்டம். இரண்டு பேரும் ஏமாற்றினார்கள் என்பது ஊருக்கே தெரியும். மாமா தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, கண்ணாடி வழியாக முன் இருக்கையைப் பார்த்து, "என்னடா எல்மார், கடைசில ஏறிட்டியா?" என்றார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு, "வண்டி புத்தகத்த குடுங்க" என்றார்.

வரம்பு இரண்டரை டன். உனக்குத் தெரியும். கார் மட்டுமே இரண்டாயிரத்து நானூற்றுப் பத்து கிலோ. அண்ணன் தொண்ணூற்றைந்து, நான் எழுபது.

"எல்மார் எவ்வளவு?" என்றார் மாமா.

"மாமா, அவரு சாம்பல்."

"நான் கேட்டது எடை."

கூண்டுக்குள் ஒரு குளியலறைத் தராசு இருக்கிறது. அதில் அப்பாவை வைத்தோம். பெட்டியோடு ஏழு.

"நூத்திப் பத்து கிலோ இருந்த மனுஷன்," என்றார் மாமா. "கூட்டினா எம்பத்திரண்டு கிலோ அதிகம். போக முடியாது."

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "மாமா, மூணு மணிக்கு அடக்கம். குழி மேல ரெண்டு நாளா நெருப்பு எரிச்சு மண்ண இளக்கி வெச்சிருக்காங்க. விட்டா திரும்ப உறைஞ்சுரும். இன்னிக்கு ஒரு நாள் பாக்காதீங்க."

"அந்த வார்த்தைய உங்கப்பன்கிட்ட எத்தன பேரு சொல்லியிருக்காங்க தெரியுமா? உன் தங்கச்சியே சொன்னா."

நீ சொன்னதுதான், அக்கா. பதினோரு வருடம் முன்னால், உன் கல்யாணத்தன்று. பனி இருபத்தொரு சென்டிமீட்டர். வேண்டியது இருபத்திரண்டு. அப்பா சாலையைத் திறக்கவில்லை. முந்தின நாளே துறைக்கு வந்துவிட்ட நீ இந்தக் கூண்டிலிருந்து அவரைக் கூப்பிட்டாய். உன் கல்யாணம் தீவில் நடக்கவில்லை, அத்தான் ஊரில் நடந்தது, அப்பா கம்பத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார், அதற்குப் பிறகு நீ தீவுக்கு வரவில்லை. ஒரு சென்டிமீட்டர்.

சரி, எடையைக் குறைத்தோம். அதை எப்படிச் சொல்வது. அண்ணனின் கோல்ஃப் பை, இரண்டு பெட்டி, நான் படிப்பதற்கென்று கொண்டுவந்து படிக்காத புத்தகங்கள் எல்லாம் ஏற்கெனவே கூண்டுக்குள் போய்விட்டன, அவை கணக்கிலேயே இல்லை, ஆகவே நான் இறங்கினேன், எழுபது போயிற்று, இன்னும் பன்னிரண்டு இருக்கிறது என்றார் மாமா, அண்ணன் கோட்டையும் பூட்ஸையும் கழற்றித் தராசில் எறிந்தான், ஐந்து, இன்னும் ஏழு என்றார், ஏழு என்றால் சரியாக அப்பா, மூன்று பேரும் பெட்டியைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம், அப்போது மாமாவே, கண்ணாடி கழுவுற தண்ணி எத்தன லிட்டர் புடிக்கும் என்று கேட்டார், ஏழு என்றான் அண்ணன், ஒரு குழாயை விட்டு வாயால் உறிஞ்சி அந்த நீலத் தண்ணீர் முழுவதையும் பனியில் கொட்டினான், கொட்டிவிட்டுச் சாக்ஸோடு நின்று எச்சில் துப்பிக்கொண்டே, "போதுமா எசமான்?" என்றான்.

"போதும். பெல்ட்ட கழட்டு."

அண்ணன் கழற்றினான்.

"அவனுக்கும்."

"மாமா."

"பனிமேல யாரும் பெல்ட் போடக்கூடாது. உடைஞ்சா குதிச்சு வெளிய வரணும். எழுதினது நான் இல்ல, அவன்."

அப்பாவின் பெல்ட்டைக் கழற்றினோம். மணி அடிக்கத் தொடங்கியது. மாமா பதிவேட்டைத் திறந்தார். எத்தனை பேர் போகிறார்கள் என்று இந்த முனையில் எழுதி, அத்தனை பேர் வந்தார்களா என்று அந்த முனையில் கேட்பது வழக்கம். பேனாவை ஊதிச் சூடாக்கி, மூன்று என்று எழுதினார். எனக்குத் தன்னுடைய உதைவண்டியைக் கொடுத்தார். உனக்கு நினைவிருக்கும்: இரண்டு இரும்புப் பட்டைமேல் ஒரு நாற்காலி, ஒரு காலால் நின்று மறு காலால் உதைப்பது. காருக்கு முன்னூறு குதிரைச்சக்தி. எனக்கு ஒரு கால்.

பனிமேல் மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் கீழே போகலாம். நாற்பதுக்கு மேலே போகலாம். நடுவில் கூடாது, பனிக்கு அடியில் அலை எழும். இது தீவில் குழந்தைக்கும் தெரியும். காருக்குத் தெரியவில்லை. வெள்ளைப் பூ பூத்ததும் அது பாதுகாப்பாக முப்பதில் போக விரும்பியது. அண்ணன் அழுத்தினால் சக்கரம் வழுக்குகிறது என்று தானே சக்தியைக் குறைத்துக்கொண்டது. விட்டால் தானே பிரேக் பிடித்துக்கொண்டது. நம் ஊர் ஜீப் எதுவும் யோசிக்காது, அதனால் போய்விடும். இது யோசித்தது. அகலமான சக்கரம் பொடிப்பனியின்மேல் படகைப் போல் மிதந்தது. தூரத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டே உதைத்தேன்: கறுப்புக் கோட்டு போட்ட ஒரு பெரிய மனிதர் வழுக்குத் தரையில் புதுச் செருப்போடு நடப்பதுபோல்.

ஐந்தாவது கிலோமீட்டரில் நின்றுவிட்டது.

பனிமேல் நிற்கக்கூடாது. அதுவும் விதி. நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் திரையில் எதையெதையோ தட்டிக்கொண்டிருந்தான். மணி அடித்துக்கொண்டிருந்தது.

"என்னாச்சு?"

"போக மாட்டேங்குதுடா! முன்னாடி ஆள் நிக்குதாம்."

"எந்த ஆள்?"

அண்ணன் கையைக் காட்டினான். ஜூனிபர் கிளை. வழியின் இரு ஓரமும் அப்பா வருடாவருடம் நடும் அடையாளக் கிளைகள், ஆள் உயரம். இந்த வருடமும் அவர்தான் நட்டார், ஜனவரி கடைசியில், அதுவே கடைசி. காற்று அவற்றை வழிப்பக்கம் சாய்த்திருந்தது. கழுவத் தண்ணீர் இல்லாமல் காரின் கண்ணில், முன்பக்கக் கேமராவில், உறைபனி படிந்திருந்தது. துடைத்தேன், நான் திரும்புவதற்குள் மறுபடி படிந்தது. அந்தக் கண்ணுக்கு ஒவ்வொரு கிளையும் வழியில் இறங்கும் மனிதராகத் தெரிந்தது.

"அத நிறுத்த வழி இல்லியா?"

"நிறுத்தினேன். திரும்ப அதுவே போட்டுக்குது. என் நல்லதுக்காம்."

அப்போது கீழே ஒரு சத்தம். நீளமாக, தூரத்தில் யாரோ துணி கிழிப்பதுபோல். பின் சக்கரத்தைச் சுற்றித் தண்ணீர் மெல்ல ஊறி வந்தது. நான் ஜன்னலுக்குள் கையை விட்டேன்.

"அண்ணா, அப்பாவ குடு. நான் வண்டில வெச்சு எடுத்துட்டுப் போறேன். நீயும் எறங்கு."

அவன் பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டான்.

"பத்து வருஷமா கூப்பிட்டேன்டா. ஒரு நாள் ஏறல. இப்பதான் ஏறியிருக்காரு."

"முழுகிடுவண்ணா."

"நான் எறங்கிக்கறேன். அவருக்கு முழுகறதுக்கு இனிமே என்ன இருக்கு?"

சொல்லிவிட்டுப் பெல்ட்டை இழுத்து அப்பாவுக்குப் போட்டான். மணி நின்றது. அப்பா இருக்கும்போது அந்தச் சாலையில் ஒருவர் வேண்டுமென்றே விதியை மீறியது அதுதான் முதல் தடவை. சாக்ஸ் காலோடு ஒரு பெரிய மனிதன், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து.

வேறு வழி தெரியவில்லை. முன்னால் இருந்த கிளையைப் பிடுங்கினேன். கார் நகர்ந்தது. அடுத்ததைப் பிடுங்கினேன். கொஞ்சம் நகர்ந்தது. இப்படியே நான்கு கிலோமீட்டர், நான் முன்னால் ஓடி ஓடி அப்பா நட்டதை இரண்டு பக்கமும் பிடுங்கிப் போட, பின்னால் அப்பா மெதுவாக வந்தார். நூற்றுக்கும் மேல். எண்ணவில்லை.

தீவுக் கம்பத்தில் ஹெல்வே, அப்பாவின் வேலையைப் பார்ப்பவள், தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கேட்டாள். "ஏண்டா, வழி எங்க?"

"பிடுங்கிட்டேன்."

"பிடுங்கிட்டியா." அவள் தொலைபேசியை எடுத்தாள். "எண்டெல் அண்ணே, மூணு பேரும் வந்து சேந்துட்டாங்க. ஆமா, மூணும். இனிமே யாரையும் விடாதீங்க. கிளை இல்ல."

அடையாளம் இல்லாவிட்டால் சாலை இல்லை. மறுகரைத் துறையில் அத்தை, பாடகர் குழு, வாத்தியக்காரர்கள், தேவாலயத்துக்கு வர வேண்டிய இருபத்தேழு பேர், எல்லோரும் சவ ஊர்வலத்து உடையில் கம்பத்துக்கு அந்தப் பக்கம். மறுபடி நடுவதற்குள் தெற்குக் காற்று எழுந்து பனி பிளந்துவிட்டது. சாலை திறக்கவே இல்லை.

"லேலோ கல்யாணம் மாதிரியே," என்றான் அண்ணன்.

தீவுப் பக்கத்துக் கூண்டில் அவன் காலைக் கணப்பில் காட்டிக்கொண்டிருந்தபோது ஹெல்வே ஒரு பழைய பதிவேட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அப்பாவின் கையெழுத்து. தினமும் பனியில் மூன்று துளை போட்டு அளப்பார். மூன்று துளை, மூன்று எண். பக்கம் பக்கமாக அப்படித்தான். உன் கல்யாண நாளில் மட்டும் பதினேழு துளை. இருபத்தொன்று, இருபது, இருபத்தொன்று, இருபத்தொன்று. காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை. கடைசி வரியில் பேனா அழுத்தித் தாள் கிழிந்திருக்கிறது. அதிலும் இருபத்தொன்று.

இதை உனக்கு எழுத வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மற்றபடி எல்லாம் முறையாக நடந்தது. அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தங்கள், அவர்கள் பனியைப் பார்த்ததே இல்லை என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. எந்தக் கவலையும் வைத்துக்கொள்ளாதே. கடவுள் உங்கள் வீட்டையும் உங்கள் வெயிலையும் காக்கட்டும்.

உன் தம்பி
ஸீம்

பி.கு.: அடக்கம் நடக்கவில்லை. நீ கேட்டதை அப்படியே எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. குழிக்கரை வரை போனோம். பாதிரியார், ஹெல்வே, நான். அண்ணன் காரை விட்டு இறங்கவில்லை. "அவள வெளிய விட்டு, அப்பா மாதிரி நானும் மூடணுமா?" என்றான். குழியின்மேல் பலகை போட்டுவிட்டோம். கார் அப்பாவின் கொட்டகையில் நிற்கிறது. அண்ணன் தினமும் காலையில் போய் எஞ்சினை ஓடவிட்டு இருக்கையைச் சூடாக்கிவிட்டு வருகிறான். மேலே "வர வேண்டியதில்லை" என்று எழுதியதை நீயே அடித்துவிடு. மே மாதம் கடல் இளகும். படகு ஓடும். அப்பா முன் இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு இருக்கிறார். பின் இருக்கை முழுக்கக் காலி.