மூடல் அலுவலர்

ஏற்காட்டில் காபி விவசாயிகளுக்கு மழை எச்சரிக்கை அனுப்ப ஓர் அலுவலகம் உண்டு. மழை பெய்து முடித்த பிறகாவது தவறாமல் எச்சரித்துவிடும் என்பதால் அதன்மேல் எங்களுக்குத் தனி மரியாதை.

அங்கே மழைக்கணக்குப் போடுவது கணினி நோட்புக்கில், லிஸ்ப் என்கிற மொழியில். அதில் எழுத்தைவிட அடைப்புக்குறி அதிகம். ஒன்றை மூட மறந்தாலும் விடை வராது, எச்சரிக்கை போகாது. புரோகிராமர் ரிஸ்வானா இதற்கென்று ஓர் எக்ஸ்டென்ஷனை, நோட்புக்கோடு ஒட்டிக்கொள்ளும் சின்ன நிரலை, எழுதினாள். ஒரு குறியைத் திறந்தால் மூடும் குறியும் கூடவே வந்து நிற்கும். ஒன்றை மட்டும் அழிக்கப் பார்த்தால் விடாது. அந்த வாரம் எச்சரிக்கை மழைக்கு முன்பே வந்தது. மலையே கொஞ்சம் பயந்துவிட்டது.

கண்காணிப்பாளர் தனபால் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, குறியைத் திறக்கறது யாரு?"

"நானுங்க சார்."

"மூடறது?"

"அதுவே மூடிக்குதுங்க."

"யார் அனுமதியில?"

திறப்பது கீழ்நிலைப் பணி, மூடுவது மேலிடத்தின் உரிமை. ஆகவே எக்ஸ்டென்ஷன் அதிகார வரம்பை மீறியதாகக் கருதப்பட்டு, அதைத் திருத்தும்படி ரிஸ்வானாவுக்கே ஆணை பிறந்தது. இனி திறந்த குறி திறந்தபடியே நிற்கும். 'மூடல் அலுவலர்' ஒப்புதல் தந்தால்தான் மூடும். அப்படி ஒரு பதவி இல்லாததால் அதை உருவாக்கக் கமிட்டி கூடியது.

உள்ளே இருக்கும் குறியைத்தான் முதலில் மூட முடியும் என்றாள் ரிஸ்வானா. வெளிக்குறி முதலில் திறந்தது, ஆகவே சீனியர். ஜூனியர் முந்திக்கொள்வது பணிமூப்பு விதிக்கு முரண் என்றது கமிட்டி.

இதற்கிடையே கொட்டச்சேடு கிராமத்து விவசாயி சித்தன், எச்சரிக்கை வராத தைரியத்தில் வருஷத்துக் காபியில் பாதியைக் களத்தில் காயப்போட்டார். மழை, ஒப்புதலுக்குக் காத்திராமல் பெய்தது. பாவம், அத்தனையும் பூசணம் பிடித்துப்போனது.

மழைக்கணக்கு நிரல் ஓடவே இல்லை, ஆகவே பிழையும் இல்லை. பிழையற்ற அலுவலகம் என்று விருது கொடுத்தார்கள். நாங்களும் போய்க் கைதட்டினோம். மிக்சர் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் சித்தன் ரிஸ்வானாவைத் தேடி வந்தார். அவளுக்குப் புது அறை, புது நாற்காலி, 'மூடல் அலுவலர்' என்று பலகை.

"ஏனுங்கம்மா, மிச்சக் காபியாச்சும் காயப்போடலாங்களா? மழை வருமுங்களா?"

ரிஸ்வானா விரலைக் கீபோர்டு வரை கொண்டுபோய் எடுத்துக்கொண்டாள்.

"வெளிக்குறிக்கு இன்னும் ஃபைல் வரலீங்க."

சித்தன் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ அந்த நாற்காலியை, பலகையை நிதானமாகப் பார்த்தார்.

"இந்த வேலைக்கு அடுத்து எப்பங்க ஆள் எடுப்பாங்க? எம்மவ கலா டிகிரி முடிச்சுட்டு ஊட்லதாங்க இருக்குது."

அதைக் கேட்கத்தான் நானும், மச்சினனுடைய பயோடேட்டாவோடு, அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்தேன்.