குழம்பில் உப்பு ஏறியது யாரால்?

தேவாரத்தில் ஏலக்காய்க் கடை நடத்தும் என் மதிப்பிற்குரிய மச்சான் சுருளிராஜன் அவர்களுக்கு, சின்னமனூரிலிருந்து உங்கள் தங்கை வீட்டுக்காரன் கர்ணன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கை, மருமகள், கறவை மாடுகள் எல்லோரும் சுகம். நான் சுகமில்லை. போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பிலும் என்னைத் தடுத்துவிட்டீர்கள் என்பதால் தபாலில் வருகிறேன்.

கருப்பசாமி கோயிலில் என் மகள் காதுகுத்தில் தாய்மாமன் என்று முதல் இலை போட்டால், ஒரு வாய் கறிக்குழம்பை வைத்ததுமே, "என்ன மாப்ள, கிடாய உப்பளத்துல மேய விட்டீகளா?" என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினீர்கள். நானும் கோபத்தில், "தின்னா தின்னுங்க, இல்லேன்னா எந்திரிங்க" என்றேன்தான். அதற்காக இலையை மூடிவிட்டு, இனி வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்று காரில் ஏறிப் போவதா? அன்றிலிருந்து உங்கள் தங்கை பாண்டீஸ்வரி என்னோடு பேசுவதில்லை, எனக்கு மட்டும் உப்பில்லாத சோறு. உப்பில்லாமல் தின்றாலும் எனக்கு ரோஷம் உண்டு மச்சான்!

நான் போட்ட உப்பு அளவு உப்பு. காது குத்துவது உங்கள் மடியில், படையல் அதற்கப்புறம், படையலுக்கு முன்னால் குழம்பை யாரும் நாக்கில் வைக்கக் கூடாது என்பது உங்களுக்கே தெரிந்த வழக்கம். நீங்களோ தேவாரத்தில் குளித்துக்கொண்டே போனில், "இந்தா, பாளையம் தாண்டிட்டேன்" என்கிறீர்கள்! நீங்கள் வந்து சேருவதற்குள் ஆறிப்போனால் கொழுப்பு உறையுமே என்று அடுப்பை எரியவிட்டோம், குழம்பு சுண்டியது. சுண்டினால் தண்ணிதான் ஆவியாப் போகும், உப்பு போகாது, அண்டாவுக்குள்ளேயே குத்தவச்சு உக்காந்திருக்கும். தண்ணி குறையக் குறையக் கரிப்பு ஏறாம என்ன செய்யும்? நானும் சும்மா இருந்தேனா? இறங்க இறங்கக் குடம் குடமா ஊத்தி பழைய மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். அதுக்கு மேல ஒரு மனுசன் என்னதான் செய்வான்!

இதை நிரூபிக்க உங்கள் தங்கை கண் முன்னாலேயே ஒரு சட்டி உப்புத்தண்ணீரை வற்றும் வரை காய்ச்சினேன். அடியில் வெள்ளையாகப் படிந்தது. "பாத்தியா, உப்பு எங்கனயும் போகல" என்றேன். "எங்கண்ணன வையிறதுக்குக் கேஸ வேற எரிக்கணுமா?" என்று மட்டும் சொல்லிவிட்டு, கருகின சட்டியை என் முன்னால் தள்ளினாள். நான்தான் தேய்த்தேன்.

ஆகவே குழம்பு கரித்ததற்கு முழுப் பொறுப்பு நீங்கள். பந்தியில் இருந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு அதை உங்கள் வாயாலேயே சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்குக் கருப்பசாமி துணை. உங்களுக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
கர்ணன்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் பாண்டீஸ்வரி இதைப் பிடுங்கிப் படித்தாள். "குடம் குடமாத் தண்ணி ஊத்துனீகளே, அதுக்கும் உப்புப் போட்டீகளா?" என்றாள். "பின்னே, வெறும் தண்ணியவா குழம்புல ஊத்துவாக? குடத்துக்கு ஒரு கை போட்டேன்" என்றேன். "ஆத்தாடி! பழைய உப்பு எங்கனயும் போகலன்னு சட்டியக் கருக்கிக் காட்டுனது நீங்கதான?" என்று தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். காதுகுத்துக்கு அப்புறம் இப்போதுதான் சிரிக்கிறாள். போன் எல்லாம் யாருக்கும் போட வேண்டாம் மச்சான். ஞாயிற்றுக்கிழமை அவளே கறி சமைக்கிறாள். நீங்கள் வந்து கை நனைத்தால்தான் என் சோற்றிலும் உப்பு விழுமாம். வாங்க மச்சான், இந்தத் தடவையாவது வெள்ளன வாங்க.