தோற்கப் போனவர்

எங்கேயாவது ஒழிந்து போகட்டும் என்றுதான் குமாஸ்தா பந்தை உருட்டினார். அது புல்வெளியின் ஓரமாகவே போய், கடைசி நேரத்தில் மனம் மாறியதுபோல் உள்ளே வளைந்து, குட்டி வெள்ளைப் பந்தை ஒட்டி நின்றது.

"முதல் தடவையா ஆடறீங்க?" என்றார் மேனேஜர்.

"சத்தியமா சார்!"

மேனேஜர் அவரையே உற்றுப் பார்த்தார்.

மேனேஜர் தன்னோடு ஆட வரச் சொன்னதுமே, வீட்டில் மனைவி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "மாத்தல் போடறது அவரு கையில இருக்குங்க. நான் இப்பதான் இந்த ஊர்ல வேலைல சேர்ந்திருக்கேன். போனோமா, தோத்தோமான்னு வந்துடுங்க."

விதி என்னவோ எளியதுதான். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வெள்ளைப் பந்துக்கு மிக அருகில் நிற்பது யாருடைய பெரிய பந்தோ, அவருக்கே புள்ளி. எதிராளியின் மிக அருகிலுள்ள பந்தைவிட நெருங்கி நிற்கும் ஒவ்வொரு பந்துக்கும் ஒன்று. முதலில் இருபத்தொன்றைத் தொட்டவர் வென்றவர். ஆனால் பெரிய பந்துக்கு ஒரு பக்கச் சாய்மானம் உண்டு, அது நேராகவே போகாது. இதைத்தான் யாரும் குமாஸ்தாவிடம் சொல்லவில்லை.

அடுத்த பந்தை வேண்டுமென்றே பாதி வழியில் நிறுத்தினார். மேனேஜரின் பந்து வந்து அதன் முதுகில் இடித்து, வெள்ளைப் பந்தருகே கொண்டுபோய் உட்கார்த்தி வைத்தது.

"மன்னிச்சுக்கங்க சார்..."

"எதுக்கு? உங்களுக்குத்தானே புள்ளி!"

கண்ணை மூடிக்கொண்டு உருட்டினார். அந்தச் சுற்றிலும் இரண்டு புள்ளி. குரங்கு பிடிக்கப் போனால் பிள்ளையாராகவே வந்து உட்கார்ந்தது.

குமாஸ்தா இருபது. மேனேஜர் மூச்சுவாங்கப் பதினெட்டு. வெள்ளைப் பந்தருகே குமாஸ்தாவின் பந்து ஒன்று வெட்கமில்லாமல் நின்றது. மேனேஜரின் மூன்று பந்துகள் பின்னால் கூட்டமாகக் கிடந்தன. மிச்சம் இருந்தது குமாஸ்தாவின் கடைசிப் பந்து மட்டும்.

அதைப் புல்வெளி ஓரத்துப் பள்ளத்தில் தள்ளிவிடும் வேகத்தில் வீசினார். அது வளைந்து போய் வெள்ளைப் பந்தைத் தாக்க, வெள்ளைப் பந்து ஓடிப்போய் மேனேஜரின் மூன்று பந்துகளுக்கு நடுவில் விழுந்தது. மேனேஜருக்கு மூன்று புள்ளி. இருபத்தொன்று!

குமாஸ்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேனேஜர் பெருமூச்சு விட்டு, கையைக் குலுக்கிவிட்டுப் போனார். 'ஜெயிச்சும் எவ்வளவு அடக்கம்!' என்று குமாஸ்தா வியந்தார்.

பந்துகளைப் பையில் போட வந்த மேனேஜரின் டிரைவர் உச்சுக் கொட்டினார்.

"இருபது வரைக்கும் வந்துட்டு விட்டுட்டீங்களே சார்! ஆபீஸ் டீமுக்கு அவரை ஜெயிக்கற புது ஆள் ஒருத்தர் வரணும்னுதானே, தோத்தவங்களை எல்லாம் வரிசையா வெளியூருக்கு மாத்திட்டிருக்காரு!"