உலகம்மாள் குளிக்கப் போயிருக்கிறாள்

தங்கையின் பெயர் உலகம்மாள் என்று படிவத்தில் எழுதியாகிவிட்டது. தங்கைதான் இன்னும் கிடைக்கவில்லை.

ஆவுடையப்பன் தென்காசியில் முதல் பஸ்ஸைத் தவறவிட்டு, இரண்டாவது பஸ்ஸில் குற்றாலத்துக்கு வந்து, ஐந்தருவிச் சாலையிலுள்ள தம் வீட்டு வாசலை அடைந்தபோது மணி பத்தே முக்கால். பதினொரு மணிக்கு வரி அதிகாரி வருவார் என்றது நோட்டீஸ். குடியிருப்போர் விவரத்துடன் உரிமையாளர் நேரில் இருக்க வேண்டும் என்றது. எதற்காக என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

இரண்டு அறையும் ஒரு தாழ்வாரமும் கொண்ட ஓட்டு வீடு. அவர் மனைவி பார்வதியம்மாளின் இரட்டைவடச் சங்கிலிதான் உருமாறி, ஓடாகவும் உத்தரமாகவும் மேலே நின்றது. சாரல் காலத்தில் மூன்று மாதம் வாடகைக்கு விடுவார். மற்ற ஒன்பது மாதமும் வீடு பூட்டிக் கிடக்கும். இதைப் பஞ்சாயத்தில் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வாடகைக்கு ரசீது எழுதியதும் இல்லை. யுத்தம் தொடங்கியதிலிருந்து சர்க்கார் வீடுகளை எடுத்துக்கொள்கிறது என்றொரு பேச்சு வேறு ஊரில் உலவியது.

ஆகவே, நோட்டீஸ் கைக்கு வந்த அன்றே, கோர்ட்டு வாசலில் மனு எழுதும் வல்லிநாயகத்திடம் ஓடினார்.

வல்லிநாயகம் ஒரு சிட்டிகைப் பொடியை இழுத்துவிட்டு, "வாடகை வீடுன்னு தெரிஞ்சா ஜப்தி பண்ணிருவான்" என்றார்.

"ஐயையோ, வீட்டையா?"

"பதறாதேயும். அங்கன உம்ம தங்கச்சி உலகம்மாள் குடியிருக்கா. வருசம் பூராவும் இருக்கா. சொந்தக்காரி இருந்தா எவன் கேப்பான்?"

"எனக்குத் தங்கச்சியே கெடையாதே!"

"அது அதிகாரிக்குத் தெரியுமாவே?"

வல்லிநாயகம் எழுதி நீட்டிய படிவத்தில் ஆவுடையப்பன் கையெழுத்துப் போட்டார்.

இந்த வருஷம் வீட்டைப் பேசி விட்டவள் பார்வதியம்மாள். குடியிருப்பவரை ஆவுடையப்பன் பார்த்ததில்லை. யாராயிருந்தாலும் அரை மணி நேரத்துக்கு உலகம்மாளாக இருக்கச் சம்மதிப்பார் என்று நம்பி வந்திருந்தார். கதவு திறந்தது. காயல்பட்டினத்திலிருந்து இரண்டு பெண்குழந்தைகளுடன் சாரலுக்கு வந்திருந்த ஹைருன் பீவி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தாள்.

ஆவுடையப்பன் நெற்றித் திருநீற்றில் வியர்வை இறங்க, விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

"தங்கச்சியா இருக்க எனக்கென்ன, அண்ணாச்சி? இருந்துட்டுப் போறேன். ஆனா உலகம்மாள்னுல்லா எழுதிட்டிய?" என்றாள் அவள். "எம் பிள்ளையளே சிரிச்சிருமே!"

"அப்பம் என்ன செய்யுதது?"

"உலகம்மாள் அருவிக்குக் குளிக்கப் போயிருக்கான்னு சொல்லுங்க. நான் அவளப் பாக்க வந்தவ."

ஆவுடையப்பனுக்கு உயிர் வந்தது. அதற்குள் வாசலில் குடை மடங்கும் சத்தம் கேட்டது. வரி அதிகாரி நம்பிராஜனும் அவருடைய சேவகன் சுடலைமாடனும் உள்ளே வந்தார்கள்.

அதிகாரி படிவத்தை எழுத்து விடாமல் படித்தார். "உலகம்மாளக் கூப்பிடுங்க."

"குளிக்கப் போயிருக்கா."

"அப்படியா? வரட்டும், இருக்கேன்" என்று அதிகாரி நாற்காலியில் அமர்ந்தார்.

இருப்பார் என்பதை வல்லிநாயகம் சொல்லியிருக்கவில்லை. கால் மணி நேரம் கழிந்தது.

"அவ எண்ணெ தேச்சுக் குளிப்பா. லேசுல வரமாட்டா" என்றார் ஆவுடையப்பன்.

"எண்ணெ தேச்சா பசிக்கும். சாப்பாட்டுக்கு வந்துருவா."

மேலும் கால் மணி நேரம்.

"அவளுக்குப் பார்வை கொஞ்சம் மட்டு, ஐயா. தடவித் தடவித்தான் நடப்பா."

அதிகாரி நிமிர்ந்தார். "கண்ணு தெரியாத பொம்பளையத் தனியாவா அனுப்புனிய? மலையில நல்ல மழை. தண்ணி மரத்தண்டிக்கு விழுது!"

நிலைமையைச் சீராக்கும் நல்லெண்ணத்துடன் ஹைருன் பீவி குறுக்கிட்டாள்: "இப்பப் போகல்லங்க. விடியுமுன்னயே போயிட்டா."

அதிகாரி நோட்டுப் புத்தகத்தை மூடினார். "ஏலே சுடலை! ஓடு. பத்து ஆளும் கயிறும் கொண்டுக்கிட்டு அருவிக்குப் போ. போலீசுக்கும் சொல்லிரு."

சுடலைமாடன் குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினான். அவனுடைய நடை, ஓர் உயிரைக் காக்கப் போகிறவனின் நடையாக இல்லை. அதைக் கவனிக்கும் நிலையில் ஆவுடையப்பன் இல்லை. உலகம்மாளைக் கடைசியாகப் பார்த்தவர் யார் என்று போலீஸ் கேட்கும். பிணம் எங்கே என்று கேட்கும். வரிக்குப் பயந்து எழுதிய தங்கை, கொலை வழக்காக வளர்ந்து அவர் கண்முன் நின்றாள்.

"ஐயா! உலகம்மாள் இல்ல!"

"எங்க இல்ல?"

"எங்கயுமே இல்ல. அவ பொறக்கவே இல்ல, ஐயா! இந்தப் பிள்ளைதான் சாரலுக்குக் குடியிருக்கு. மூணு மாசம் வாடகைக்கு விடுதேன். மத்த மாசம் பூட்டித்தான் கெடக்கு. வீட்ட மட்டும் எடுத்துராதிய!"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வீட்ட எடுத்து நான் என்ன செய்ய? வாடகைக்கு விடுதது குத்தமில்ல, அண்ணாச்சி. விட்டா பஞ்சாயத்துக்குத் தெரியப்படுத்தணும். குடியிருக்கவங்களுக்கு ரசீது குடுக்கணும். பூட்டிக் கெடக்க மாசத்துக்கு வரியில தள்ளுபடி உண்டு. எழுதிக் கேட்டாத்தான் கெடைக்கும். இந்தத் தெருவுல ஒருத்தரும் கேக்கல. அதச் சொல்லத்தான் நோட்டீஸ்."

"தள்ளுபடியா? எனக்கா?"

"தங்கச்சி வருசம் பூராவும் இருந்தா கெடையாது."

ஆவுடையப்பன் படிவத்தை வாங்கி நான்காகக் கிழித்தார். அருவியின் பொங்குமாங்கடல் மடுவில் விழுந்தவன் கரையேறியதுபோல் ஒரு மூச்சு விட்டார். அதிகாரி கொடுத்த புதுப் படிவத்தை நிரப்பினார். பிறகு, வாழ்நாளில் முதன்முறையாக ஒரு ரசீது எழுதி ஹைருன் பீவியிடம் நீட்டினார்.

அவள் வாசித்துப் பார்த்தாள். "எம் பேருதான் இருக்கு. இனி நான் குளிக்கப் போனா, திரும்பி வருவேன்."

அப்போதுதான் ஆவுடையப்பனுக்கு நினைவு வந்தது. "ஐயையோ, தேடப் போன ஆளுவ! போலீசு!"

வாசலுக்கு ஓடினார். மதிலோரத்தில், குடையின் கீழ், வேட்டி நுனிகூட நனையாமல் சுடலைமாடன் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, நீ போகலியா?"

"எதுக்கு அண்ணாச்சி? காலையிலருந்து இந்தத் தெருவுல குளிக்கப் போன உலகம்மாள் இவ நாலாவது."