ஓடையைப் பிடித்துக்கொண்டு போன மாப்பிள்ளை

பூகோளம் படித்தவனை நம்பி மலை ஏறக் கூடாது. இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. பூகோள வாத்தியார் நான்தான், மலை ஏலகிரி, அன்று எனக்குக் கல்யாணம்.

பெண்ணின் தகப்பனாருக்கு மலைமேல் காட்டிலாகா உத்தியோகம். "அடிவாரத்தில் இருங்கள், ஆள் அனுப்புகிறேன், வாசலிலேயே ஓடை, குளிக்கக் கஷ்டமில்லை" என்று எழுதியிருந்தார். விடிந்ததும் ஜோலார்பேட்டையில் ரயில் இறங்கி அடிவாரம் வந்தோம். ஆளைக் காணோம். ஓடை இருந்தது.

"இதைப் பிடிச்சிக்கினே போனா பொண்ணு வூட்டு வாசல்" என்றேன்.

"ஆள் வரட்டும் மாப்ளே" என்றார் தாய்மாமன்.

விடுவேனா? ஓடை என்பது மரம் மாதிரி என்று மணலில் வரைந்தே காட்டினேன். அடிமரம், கிளை, கிளைக்குள் கிளை. ஒவ்வொரு சின்னக் கிளையும் முழு மரத்தின் அச்சு! (படம் பிரமாதம்.) ஏறுகிறவன் அத்தனை கிளையில் ஒரே ஓர் இலையைத் தேட வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை.

முதல் பிரிவில் வலப்பக்கம் கைகாட்டினேன். அங்கே தண்ணீர் ஜாஸ்தி. அது இரண்டானது. அதில் ஒன்று மறுபடி இரண்டானது. சீர்த்தட்டு வாழைப்பழம் கம்மியாகிக்கொண்டே வந்தது.

ஐந்தாம் பிரிவில் மாமா, "இன்னா வாத்தியாரே, இப்போ சோத்தாங்கையா, பீச்சாங்கையா?" என்றார்.

ஏழாவதுக்கு அப்பால் ஓடையே இல்லை. பாறையிடுக்கில் தண்ணீர் சொட்ட, கீழே ஒரு தவளை.

"சம்பந்தி வாசல்லயே நிக்கிறாரு, கும்பிடு" என்றார் மாமா.

எனக்கு அழுகை வந்தது. இந்த முகூர்த்தம் போனால் மார்கழி. தை வரைக்கும் இப்படியொரு மாப்பிள்ளைக்காக எந்தப் பெண் காத்திருப்பாள்?

திரும்பி ஓடினோம். இறங்குவதற்கு வழியே கேட்க வேண்டியதில்லை; எல்லாக் கிளையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து விட்டது. அங்கே மேளக்காரர், புரோகிதர், மணக்கோலத்தில் பெண், எல்லோரும் எங்களைத் தேடி இறங்கி வந்திருந்தார்கள். கரையிலிருந்த புங்கமரத்தடியில், முகூர்த்தம் முடியக் கால் மணி இருக்கும்போது தாலி கட்டினேன்.

மாலை மாற்றும்போது பெண் முதல்முதலாக வாய் திறந்தாள்.

"எத்தினி பிரிவு ஏறினீங்க?"

"ஏழு."

"எங்க வூட்டு ஓடை மொதப் பிரிவுலயே எடது பக்கம் போய்டுது."

மேளத்தைவிடச் சிரிப்புச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

இன்றைக்கும் எங்கள் குடும்ப வண்டி எந்தப் பிரிவுக்கு வந்தாலும் நிறுத்தி, மரியாதையாக என்னைத்தான் வழி கேட்கிறார்கள். நான் ஒரு பக்கம் கைகாட்டுவேன். வண்டி மறுபக்கம் திரும்பும். இதுவரை ஒரு தடவைகூட வழி தவறியதில்லை.